மட்டக்களப்பில் செக்யூரிட்டி கம்பனிக்கு துவக்கு வைக்கும் அறை: எதில் தொடங்குவது?

கல்லடி வாசி:

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு சின்ன செக்யூரிட்டி கம்பனியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். இதுவரை எங்கள் ஆட்கள் எல்லாரும் வெறுங்கையோடுதான் நின்றார்கள், சுப்பர் மார்க்கட், கட்டட வேலைத்தளம், தனியார் ஆஸ்பத்திரி, இப்படி. இப்போது ஒரு அடகு நிலையமும் பணம் எடுத்துச் செல்லும் வேலையொன்றும் வந்திருக்கிறது, இரண்டுக்கும் துவக்கோடு ஆள் வேண்டுமாம். ஆறு 12 போர் துவக்கு எடுப்போம், நீ அறையைத் தயார் பண்ணு என்று முதலாளி என்னிடம் விட்டுவிட்டார்.

அலுவலகம் கல்லடியில், வாடகை வீடு. பின்பக்கம் எட்டுக்குப் பத்தடியில் ஒரு சாமான் அறை இருக்கிறது. நாலு அங்குல பிளாக் கல் சுவர், மேலே அஸ்பெஸ்டஸ் சீற், ஒழுங்கைப் பக்கம் ஒரு ஜன்னல், பலகைக் கதவு. கடற்கரை நடந்து போகிற தூரம்தான், அந்த அறைக்குள் நிற்கிற இரும்பு அலுமாரியின் கால்கள் கறள் பிடித்துச் செதில் செதிலாக உதிர்கின்றன. ஜன்னலை அடைத்துவிட்டு ஒரு நல்ல சேஃப் வாங்கி வைத்தால் போதும் என்கிறார் முதலாளி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதுகாப்பு அமைச்சுக்கும் பொலிசுக்கும் சரியாக இருக்க வேண்டும், அதைவிட, ஒரு துவக்கு காணாமல் போனால் அது யாருடைய கையில் போய்ச் சேரும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு சார்ஜன்ட்:

தம்பி, சீமெந்து வாங்க முதல் கடதாசியில் தொடங்குங்கள். உங்கள் கம்பனி 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிந்திருக்கும், அது ஆட்களைக் காவலுக்கு விடுவதற்கு. துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் தனியாக நிற்கிறது. முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவது தானாக வந்துவிடாது.

இன்னொன்று, இதை உங்கள் முதலாளியிடம் அழுத்திச் சொல்லுங்கள். அம்பாறைப் பக்கம் வயலுக்கு வருகிற பன்றியையும் யானையையும் விரட்ட மாவட்டச் செயலகத்தில் எடுத்த துவக்குகள் நிறைய இருக்கின்றன. அனுமதி வரச் சுணங்கினால் 'மாமாவின் துவக்கைக் கொஞ்ச நாளைக்குப் பாவிப்போம்' என்ற யோசனை எங்கிருந்தாவது வரும். அந்த அனுமதிப்பத்திரம் அந்த ஆளுக்கு, அந்தப் பயிர்ப் பாதுகாப்புக்கு. அதைத் தூக்கி அடகு நிலைய வாசலில் நிற்கிற பையனின் கையில் கொடுத்தால் மாமாவும் பையனும் முதலாளியும் மூன்று பேருமே சிக்குவார்கள்.

அறை விசயத்துக்கு வருவோம். சுவர் எத்தனை அங்குலம், கதவு எத்தனை மில்லிமீற்றர் என்று இங்கே நாலு பேரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அமைச்சுக்கு எழுதி, அறைக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு அறையின் வரைபடத்தோடு உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைப் போய்ப் பாருங்கள், ஒருமுறை வந்து இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்கிற மாற்றத்தை கட்ட முன் செய்தால் பேனையால் ஒரு கோடு, கட்டிய பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும்.

அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 31ஓடு முடியும், ஒக்டோபர் 1 தொடக்கம் அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பக்கம் அடைமழையும் வெள்ளமும் அதே மூன்று மாதத்தில்தான், ஆகவே முதல் வாரத்திலேயே போய் முடித்துவிடுங்கள். காலம் கடந்த துவக்கு உங்கள் அறைக்குள் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் அது சட்டவிரோதத் துவக்குத்தான்.

இப்போது முக்கியமானது. நான் சேவையில் ஆயுதக் களஞ்சியம் பார்த்தவன். சுவரை உடைத்துத் துவக்கு போவது அரிது. திறப்பு கைமாறுகிற இடத்திலும் புத்தகம் எழுதாமல் விட்ட இடத்திலும்தான் போகும். அறைக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுங்கள், இரண்டு திறப்பும் இரண்டு ஆளிடம், இருவரும் வந்தால்தான் கதவு திறக்க வேண்டும். மனேஜரின் லாச்சிக்குள் 'அவசரத்துக்கு' என்று ஒரு சோடி கிடந்தால் நீங்கள் போட்ட இரண்டு பூட்டும் வீண். மேலதிகத் திறப்பை உறையில் போட்டு, ஒட்டின இடத்தில் இருவரும் கையெழுத்து வைத்து, அலுவலகத்துக்கு வெளியே வங்கி லொக்கரில் வையுங்கள். திறப்பு தொலைந்தால் டவுனில் போய் இன்னொன்று வெட்டக்கூடாது, பூட்டையே மாற்ற வேண்டும்.

புத்தகம் பக்க இலக்கம் அடித்த தடித்த அட்டைப் புத்தகமாக இருக்கட்டும். திகதி, நேரம், துவக்கின் தொடர் இலக்கம், கொடுத்த தோட்டா எத்தனை, எந்த இடத்துக்கு, வாங்கினவரின் பெயரும் கையெழுத்தும், கொடுத்தவரின் கையெழுத்து. திரும்பி வரும்போது அதே வரியில் மறுபக்கம். 'துவக்கு ஒன்று' என்று எழுதுவது ஒன்றுக்கும் உதவாது, தொடர் இலக்கத்தை இரும்பில் பார்த்து வாசித்து எழுத வேண்டும், போன முறை எழுதியதைப் பார்த்துக் கொப்பி அடிக்கக்கூடாது. பிழைத்தால் ஒரு கோடு வெட்டிச் சின்னக் கையெழுத்து, டிபெக்ஸ் பூசிய பக்கத்தை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். 2024 கடைசியில் தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்கு வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்கச் சொன்னார்கள் அல்லவா, அப்படி ஒரு கட்டளை உங்களுக்கும் வந்தால் எது எங்கே நிற்கிறது என்று அந்த நிமிசமே சொல்ல முடிய வேண்டும்.

சாய்ந்தமருது டீஓ:

சார்ஜன்ட் சொன்னதற்கு மேல் கட்டட வேலை பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி, அந்த அறையில் ஜன்னலை அடைப்பது கடைசி வேலை. முதல் பிரச்சினை கூரை. அஸ்பெஸ்டஸ் சீற்றை ஒருத்தன் ஏணி வைத்து ஏறிக் கழற்றி உள்ளே குதிக்க அதிக நேரம் எடுக்காது, சத்தமும் பெரிதாக வராது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பில் பறந்த கூரைகளைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேட்டாலே போதும், காற்றே தூக்குகிற கூரைக்குக் கீழே ஆயுதம் வைக்கக்கூடாது. கொங்கிரீட் சிலெப் போட வேண்டும். ஆனால் நாலு அங்குல பிளாக் சுவர் சிலெப்பைத் தாங்குவதற்குக் கட்டினது இல்லை, அடியில் அத்திவாரமும் அந்தக் கணக்கில் இருக்காது. ஆகவே பழைய அறையைத் திருத்துவதை விட, அதற்குள்ளேயே தனி அத்திவாரத்தில் சின்னதாக ஒரு கொங்கிரீட் அறை எழுப்புவதுதான் என் யோசனை. ஆறு துவக்குக்கு ஆறடிக்கு ஆறடி தாராளம். ஆறு அங்குலக் கொங்கிரீட் சுவர், உள்ளே 10 மில்லிமீற்றர் கம்பியை இரண்டு பக்கமும் ஆறு அங்குல இடைவெளியில் கட்டி, அதே கம்பியைத் தளத்துக்கும் சிலெப்புக்கும் வளைத்து எடுத்தால் ஆறு பக்கமும் ஒரே உடம்பாக நிற்கும். கடைசிக் கணக்கை ஒரு எஞ்சினியரிடம் கொடுத்து எடுங்கள், கடலுக்குக் கிட்ட என்றபடியால் கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடுகிற கனத்தைக் குறைக்க வேண்டாம் என்று மேசனிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். உப்புக் காற்று கம்பிக்குப் போனால் கொஞ்ச வருசத்தில் சுவர் வெடிக்கும்.

கதவு இரும்புத் தகட்டில் வெல்டிங் கடையில் செய்யலாம். எல்லாரும் கதவைக் கனமாகச் செய்து நிலையை மறந்துவிடுகிறார்கள். நிலையைச் சுவர்க் கம்பியோடு வெல்ட் பண்ணிக் கொங்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டும். பிணைச்சல் வெளிப்பக்கம் வந்தால் அதன் ஆணியைத் தட்டிக் கழற்றிக் கதவைப் பூட்டோடு அப்படியே எடுத்து வைப்பார்கள், அதனால் பிணைச்சல் பக்கமும் கதவிலிருந்து இரண்டு மூன்று இரும்பு முளை நிலைக்குள் போய் உட்காருகிற மாதிரிச் செய்யுங்கள். ஆமைப் பூட்டு என்றால் வளையம் வெளியே தெரியாத வகை, இரும்பு வெட்டி நுழைய இடம் கிடைக்கக்கூடாது. காற்றுக்கு மேலே கைப்பிடி போகாத அளவு துவாரம், நேராக உள்ளே தெரியாதபடி வளைத்து, கம்பி வலை போட்டு.

தளத்தை ரோட்டு மட்டத்திலிருந்து நன்றாக உயர்த்துங்கள். 2024 நவம்பர் இறுதியில் எங்கள் கரையோரமெல்லாம் வெள்ளம் நின்றது. கல்லடி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, தண்ணீர் எந்தப் பக்கத்தாலும் வரும்.

இனி கறள். இதுதான் எங்கள் பகுதியில் துவக்குக்கு முதல் எதிரி. கொங்கிரீட் அறை பூட்டிக் கிடந்தால் உள்ளே ஈரம் வியர்க்கும், புதுக் கொங்கிரீட் மாதக் கணக்கில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே கட்டின கையோடு துவக்கைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். ஒரு ஈரப்பதமானி வாங்கி உள்ளே தொங்கவிடுங்கள், விலை பெரிதில்லை, 50 வீதத்தை ஒட்டி நிற்கப் பாருங்கள், 60ஐத் தாண்டி நின்றால் கறள் வேலையைத் தொடங்கிவிடும். ஏசி போட்டு மின்சாரம் போய்ப் போய் வந்தால் இன்னும் கெடுதல், குளிர்ந்த இரும்பின் மேல் கதவு திறந்ததும் வெளிக்காற்று பட்டு நீர் கோர்க்கும். ஈரம் உறிஞ்சுகிற சின்ன மெசின் ஒன்றும் அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறுகிற ஜெல் வாங்குங்கள், மாறினால் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கன்வஸ் உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்கவே கூடாது, உறை ஈரத்தைக் குடித்து இரும்போடு அணைத்து வைத்திருக்கும். வியர்த்த கை பட்ட இடத்தில் விரல் அடையாளம் அப்படியே செம்மண் நிறத்தில் எழும்பும், அது அடுத்த நாளே தெரியும். திரும்பி வந்த துவக்கு எண்ணெய்த் துணியால் துடைக்காமல் தட்டுக்கு ஏறக்கூடாது.

கல்லடி வாசி:

மிக்க நன்றி சார்ஜன்ட் ஐயா, நன்றி சாய்ந்தமருதுக் காக்கா. வாடகை வீடு என்பதுதான் இப்போது இடிக்கிறது. தனி அத்திவாரம் போட வீட்டுக்காரர் விடுவாரா தெரியவில்லை, ஒத்துக்கொண்டாலும் இரண்டு வருசத்தில் எழும்பச் சொன்னால் என்ன செய்வது? இன்னொன்று, அடகு நிலையம் கல்முனையில். துவக்கை ஒவ்வொரு நாளும் கல்லடிக்குக் கொண்டுவருவதா, அங்கேயே வைப்பதா?

அக்கரைப்பற்று காவல்:

நான் இந்தத் தொழிலில் மேற்பார்வையாளன். முதலில் வாடகைக் கேள்வி. உடன்படிக்கையில் இந்த அறை எதற்கு என்பதை ஒளிக்காமல் எழுதி வாங்குங்கள், வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், பிறகு பிரச்சினை வந்து நிற்பதை விட அது நல்லது. அனுமதிப்பத்திரம் இடத்தோடு சேர்ந்தது, இடம் மாறினால் திரும்ப அமைச்சு, திரும்பப் பொலிஸ். அதனால் ஐந்து வருசத்துக்குக் குறைந்த உடன்படிக்கையில் கொங்கிரீட் கொட்டாதீர்கள்.

கல்முனை கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். காவலர் யூனிபோமோடு துவக்கையும் கொண்டு பஸ்ஸில் ஏறுகிற காட்சியை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அது உங்கள் கம்பனியில் நடக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோவதும் அப்படித்தான், எந்தக் காரணத்துக்கும் இல்லை. கம்பனி வாகனத்தில், பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், அனுமதிப்பத்திரத்தின் பிரதி கையில், இரண்டு பேரோடு. ஒரே பாதை ஒரே நேரம் என்று பழக வேண்டாம்.

தினமும் ஓடுவது சரிவராது என்றால் வாடிக்கையாளரின் இடத்திலேயே ஒரு சேஃப் வேண்டும், தளத்தோடு கொங்கிரீட் போல்ட் அடித்தது. அதை அமைச்சிடமும் அந்தப் பிரிவுப் பொலிசிடமும் சொல்லி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வைக்கிற அதே சேஃபில் துவக்கை வைக்காதீர்கள், பணம் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் துவக்குக்குக் கை நீட்டுகிற தூரத்தில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் மாத முடிவில் எண்ணும்போது இரண்டு தோட்டா குறைந்தது. யார் எடுத்தார் என்று கடைசி வரை தெரியவில்லை, ஏனென்றால் பகல் காவலர் இரவுக் காவலருக்குப் புத்தகம் இல்லாமல் வாயால் ஒப்படைத்திருந்தார். தோட்டாவையும் துவக்கைப்போல ஒவ்வொரு மாறுதலிலும் எண்ண வேண்டும்.

வாவிக்கரை டீச்சர்:

தொழில் தெரியாதவள், ஆனால் இந்த ஊரில் இருக்கிறவள் என்றபடியால் எழுதுகிறேன். ஆறு துவக்கு உண்மையிலே வேண்டுமா? அடகு நிலையத்துக்கு நல்ல கமெராவும் இரட்டைக் கதவும் அலார்மும் இருந்தால் வெறுங்கைக் காவலர் போதாதா என்று வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தீர்களா மகன்? துவக்கோடு நிற்கிற ஒருவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிற அம்மாமார் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு யூனிபோமின் நிறம் கண்ணில் படாது, கையில் இருப்பதுதான் படும். பணம் கொண்டுபோகிற வாகனத்துக்கு வேண்டுமானால் இரண்டு எடுங்கள். இரண்டை எண்ணுவது ஆறை எண்ணுவதை விட எளிது, அறையும் சிறிதாகும். காவலுக்கு விடுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுங்கள், சம்பளமும் ஒழுங்காகக் கொடுங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று சோர்ந்தவரின் கையில் இருக்கிற துவக்குக்கு உங்கள் அறை ஒன்றும் செய்ய முடியாது.

ஓய்வு சார்ஜன்ட்:

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குறைவாக எடுக்க முடிந்தால் குறைவாக எடுங்கள்.

வெடிபொருள் பக்கம்:

கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன், தோட்டா பற்றி மட்டும். 12 போர் தோட்டா ஐநா வகைப்படுத்தலில் 1.4எஸ் பிரிவு, இலக்கம் 0012. அதாவது தீப்பிடித்தால் மொத்தமாக வெடித்துக் கட்டடத்தைத் தூக்குகிற சாமான் இல்லை. குழாய்க்குள் இல்லாத தோட்டா நெருப்பில் வெடித்தால் சன்னம் துவக்கில் இருந்து போகிற வேகத்தில் போகாது, உறை பிய்ந்து தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து, அவ்வளவே. ஆனால் குழாய்க்குள் போட்டபடி வைத்த துவக்கு நெருப்பில் தானாகச் சுடும். அறைக்குள் வருகிற ஒவ்வொரு துவக்கும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தோட்டாவைத் தனி இரும்புப் பெட்டியில், தனிப் பூட்டில், முடிந்தால் துவக்கு அலுமாரித் திறப்பு வைத்திருக்காத ஆளிடம் திறப்பைக் கொடுத்து வையுங்கள். துவக்கு துடைக்கிற எண்ணெய், தின்னர், பெயின்ற், ஜெனரேற்றர் பெற்றோல் எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். சின்ன அலுவலகங்களில் 'பூட்டுள்ள அறை' என்று கண்டதையும் உள்ளே தள்ளுவார்கள், அதுதான் தீயைக் கொண்டுவரும். கதவுக்கு வெளியே உலர் தூள் தீயணைப்பான் ஒன்று. பழைய தோட்டா முதலில் வெளியே போக வேண்டும், பித்தளை அடி பச்சை பிடித்ததையும் உறை ஊதிப் பருத்ததையும் ஒதுக்கி வையுங்கள், ஒதுக்கியதை நீங்களாகப் புதைக்கவோ வாவிக்குள் எறியவோ வேண்டாம், பொலிசுக்கு எழுதி ஒப்படையுங்கள்.

வாசிக்க விரும்பினால் ஐநாவின் மொசாய்க் என்ற சிறு ஆயுத வழிகாட்டியில் 05.20 பகுதி களஞ்சியம் பற்றியது, இலவசம். அது அரசுகளுக்கு எழுதியது, ஆனாலும் எண்ணுவது, திறப்பு, யார் உள்ளே போகலாம் என்ற பகுதிகள் ஆறு துவக்குக்கும் பொருந்தும்.

கல்லடி வாசி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை முதலாளிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அடகு நிலையத்தோடு திரும்பப் பேசுகிறோம், இப்போதைக்கு இரண்டு துவக்குக்குத்தான் விண்ணப்பம். வேறு வீடும் பார்க்கிறோம், சிலெப் போட்ட வீடாக. ஒரு கேள்வி மிச்சம். பண வாகனம் சில நாள் பிந்தி இரவு பத்து, பதினொரு மணிக்குத்தான் வரும். அந்த நேரம் இரண்டு திறப்புக்காரரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள். காவலர் துவக்கை எங்கே வைப்பது?

ஓய்வு சார்ஜன்ட்:

இடையில் வைக்க ஒரு இடம் தேடாதீர்கள் தம்பி, அந்த 'இடைக்கால' அலுமாரியில்தான் எல்லாம் பிழைக்கும். வாகனம் வெளிக்கிட முதல் அன்றைக்குத் திறப்புக்காரர் யார் யார் என்று பலகையில் எழுதுங்கள், வாகனம் வந்து துவக்கு தட்டுக்கு ஏறும் வரை அந்த இருவருக்கும் வேலை முடியவில்லை. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் மாற்று ஆளிடம் திறப்பைப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

வந்ததும் கதவுக்கு வெளியே, சுவரோரம், மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சரிவாக வையுங்கள். காவலர் துவக்கின் வாயை மணலுக்குள் நீட்டிப் பிடித்தபடி அதை மடித்துத் திறக்க வேண்டும், தோட்டாவை எடுத்துத் திறப்புக்காரரின் கையில் வைக்க வேண்டும், குழாயின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று இருவரும் பார்க்க வேண்டும். நீங்கள் எடுப்பது பல தோட்டா நிரப்புகிற ரிப்பீற்றர் வகை என்றால் துவக்கின் தோட்டா அறையோடு, தோட்டா நிரப்புகிற கீழ்க் குழாயையும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், அதற்குள் ஒன்று தங்கி நிற்கும். மடித்தபடியே கையில் கொடுக்கட்டும், மூடியபடி வாங்கவே வேண்டாம். அதன் பிறகு தொடர் இலக்கத்தை வாசித்து, தோட்டாவை எண்ணி, இருவரும் கையெழுத்து வைத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். களைத்து வந்தவருக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும், ஆகவே அந்த இடத்தில் நல்ல வெளிச்சமும் ஒரு காற்றாடியும் போட்டுக் கொடுங்கள்.